இரண்டு டயல்கள், இரண்டும் தவறு: கடலூர் ஆலையின் காற்றுத்திசைக் கருவி

2012 ஏப்ரல் மாதம். கடலூருக்குத் தெற்கே, உப்பனாற்றை ஒட்டிய ஒரு ரசாயன ஆலை. அதன் கட்டுப்பாட்டு அறையில் ஒரே பலகையில் அடுத்தடுத்துப் பொருத்தப்பட்ட இரண்டு கருவிகள் காற்றின் திசையைக் காட்டிக்கொண்டிருந்தன. மேலே இருந்த வட்ட டயலின் முள், காற்று மேற்கிலிருந்து வீசுகிறது என்றது. கீழே இருந்த பதிவுக் கருவியின் பேனா, கிழக்கிலிருந்து என்றது. இரண்டுக்கும் தகவல் வருவது ஒரே கம்பத்தின் உச்சியில் காற்றோடு திரும்பும் ஒரே திசைத்தகட்டிலிருந்து, ஒரே கேபிள் வழியாக. எந்த நேரத்தில் பார்த்தாலும் இரண்டுக்கும் நடுவே சரியாக அரைவட்ட வித்தியாசம் இருந்தது.

கருவிகளைச் சரிபார்க்க வெளியிலிருந்து என்னை அழைத்திருந்தார்கள். ஆலையில் எல்லோரும் கேட்ட கேள்வி, இரண்டில் எது சரி என்பதுதான். பராமரிப்புப் பிரிவு பேனாவை நம்பியது. ஷிப்ட் பொறுப்பாளர்கள் முள்ளை நம்பினார்கள். இரண்டுமே தவறாக இருக்கக்கூடும் என்று யாரும் எண்ணவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. நச்சு வாயு கையாளும் ஆலையில் கசிவு ஏற்பட்டால் முதலில் தெரியவேண்டியது காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்பது. 1984 டிசம்பரில் போபாலில் நள்ளிரவுக் காற்று விஷவாயுவை உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்புகளின் மேல் கொண்டுசென்றதற்குப் பிறகுதான், 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகளுக்கு அவசரகாலத் திட்டம் கட்டாயமாயிற்று. அந்தத் திட்டத்தில் "காற்றுக்குக் குறுக்காகவோ எதிராகவோ வெளியேறவும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு உயிர் கொடுப்பது இந்த முள்தான். பகலில் கூரைமேல் கட்டிய காற்றுப்பையைப் பார்த்துக்கொள்ளலாம். இரவு ஷிப்டில், மழையில், கட்டுப்பாட்டு அறைக்குள் இருப்பவருக்கு முள்ளைத் தவிர வேறு கண் கிடையாது.

கருவி அமைப்பு பழையது, ஆனால் நல்லது. பத்து மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில் திசைத்தகடு. அதன் அச்சில் ஒரு சிங்க்ரோ டிரான்ஸ்மிட்டர், அதாவது அச்சு நிற்கும் கோணத்தை மின்னழுத்தமாக மாற்றி அனுப்பும் கருவி. அதிலிருந்து ஐந்து கம்பிகள் கீழே இறங்கி, கம்பத்தின் அடியில் உள்ள ஜங்ஷன் பாக்ஸ் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகின்றன. அங்கே அவை இரண்டாகப் பிரிகின்றன. ஒரு பிரிவு டயல் முள்ளைத் திருப்பும் சிங்க்ரோ ரிசீவருக்கு. மற்றொன்று பதிவுக் கருவிக்குள் இருக்கும் கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மருக்கும் அதைப் பின்பற்றிப் பேனாவை நகர்த்தும் சர்வோ மோட்டாருக்கும். சுழற்சி நிலையைத் தொலைவுக்கு அனுப்பும் இரண்டு வழிகளும் ஒரே பலகையில் இருந்ததால்தான் இந்தத் தவறு பிடிபட்டது. ஒன்று மட்டும் இருந்திருந்தால் இன்னும் நெடுநாள் ஒளிந்திருக்கும்.

சிங்க்ரோவைப் பார்த்தால் சிறிய மோட்டார் போலவே இருக்கும். உள்ளே சுழலும் ரோட்டாரில் ஒரு சுருள். அதன் முனைகள் ஆர்1, ஆர்2. சுற்றியுள்ள ஸ்டேட்டாரில் 120 டிகிரி இடைவெளியில் மூன்று சுருள்கள். அவற்றின் ஒரு முனைகள் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும், மறுமுனைகள் எஸ்1, எஸ்2, எஸ்3 என்று வெளியே வரும். ரோட்டாருக்கு மாறுமின்சாரம் கொடுத்தால் அது டிரான்ஸ்பார்மரின் முதல் சுருளாக வேலை செய்து மூன்று ஸ்டேட்டார் சுருள்களிலும் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ரோட்டார் எந்தச் சுருளுக்கு நேராக நிற்கிறதோ அதில் அதிகம். செங்குத்தாக நிற்கும் சுருளில் ஒன்றுமில்லை. ஆக, ரோட்டாரின் கோணம் மூன்று கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்த விகிதமாக மாறிவிடுகிறது. 115 வோல்ட் கொடுக்கும் வழக்கமான வகையில், எந்த இரண்டு ஸ்டேட்டார் முனைகளுக்கு நடுவிலும் அதிகபட்சம் 90 வோல்ட் வரும். ரோட்டார் பூஜ்ஜியக் கோணத்தில் நிற்கும்போது எஸ்1-க்கும் எஸ்3-க்கும் நடுவே எதுவும் இல்லை. எஸ்2-லிருந்து மற்ற இரண்டுக்கும் 78 வோல்ட்.

மூன்று கம்பிகளைக் கண்டதும் பலர் இதை மூன்று பேஸ் மின்சாரம் என்று எண்ணிவிடுகிறார்கள். இல்லை. மூன்று பேஸில் மூன்று அலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தைத் தொடும். சிங்க்ரோவில் மூன்றும் ஒரே கணத்தில் ஏறி ஒரே கணத்தில் இறங்குகின்றன. அளவும் குறியும்தான் வேறு. இந்த வேறுபாடு மனதில் பதியாததுதான் கடலூர் ஆலையில் நடந்த அனைத்துக்கும் வேர்.

ரிசீவரும் அதே கட்டமைப்புதான். அதன் ரோட்டாருக்கும் அதே மின்சாரம் கொடுக்கப்படுகிறது. இரண்டு ஸ்டேட்டார்களும் கம்பிக்குக் கம்பி இணைக்கப்படுகின்றன. இரண்டு ரோட்டார்களும் ஒரே கோணத்தில் இருந்தால் இருபுறமும் மின்னழுத்தம் சமம். கம்பிகளில் மின்னோட்டம் ஓடாது. டிரான்ஸ்மிட்டர் சற்றுத் திரும்பினால் சமநிலை குலைந்து மின்னோட்டம் ஓடும். அந்த மின்னோட்டம் ரிசீவரின் ரோட்டாரைத் திருப்பி மீண்டும் சமமாக்கும். நடுவில் ஆம்ப்ளிஃபையர் எதுவும் இல்லை. 1914இல் திறக்கப்பட்ட பனாமா கால்வாயில் மதகுக் கதவுகளின் நிலையையும் நீர்மட்டத்தையும் கட்டுப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தது இந்தத் தத்துவம்தான். பல பழைய ஆலைகளில் இதை இன்னும் "செல்சின்" என்றே சொல்வார்கள். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வைத்த வணிகப்பெயர் அது.

இதன் குறை, வலு போதாது என்பது. ஒரு முள்ளைத் திருப்பும். பேனாவையும் அதை நகர்த்தும் கியர்களையும் சேர்த்து இழுக்கச் சொன்னால் உராய்வில் சில டிகிரி பின்தங்கிவிடும். அதனால்தான் பதிவுக் கருவியில் சர்வோ. அங்கே மூன்று கம்பிகளும் கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் என்ற வேறுவகைச் சிங்க்ரோவின் ஸ்டேட்டாருக்குப் போகின்றன. அதன் ரோட்டாருக்கு யாரும் மின்சாரம் கொடுப்பதில்லை. அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறோம். திசைத்தகட்டின் கோணத்துக்கும் பேனா அச்சின் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் சைன் மதிப்புக்கு ஏற்ப அங்கே ஒரு பிழை மின்னழுத்தம் பிறக்கிறது. வித்தியாசம் ஒரு பக்கம் என்றால் மூல மின்சாரத்தோடு சேர்ந்து ஏறும். மறுபக்கம் என்றால் தலைகீழாக ஏறும். ஆம்ப்ளிஃபையர் இதைப் பெருக்கி இரண்டு பேஸ் சர்வோ மோட்டாரின் கட்டுப்பாட்டுச் சுருளுக்குக் கொடுக்கிறது. மோட்டாரின் மற்றொரு சுருளுக்கு 90 டிகிரி பேஸ் தள்ளிய மின்சாரம் நிரந்தரமாகப் போய்க்கொண்டிருக்கும். பிழையின் குறி மாறினால் மோட்டாரின் சுழற்சி மாறும். பிழை பூஜ்ஜியமானால் மோட்டார் நிற்கும். மோட்டார் பேனாவையும் கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மரின் ரோட்டாரையும் சேர்த்தே திருப்புவதால், பிழையைத் தானே அழித்துக்கொண்டு நிற்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சைன் மதிப்பு பூஜ்ஜியத்தில் மட்டுமல்ல, 180 டிகிரியிலும் பூஜ்ஜியம். அதாவது பேனா நேர் எதிர்ப்பக்கத்தில் நின்றாலும் பிழை மின்னழுத்தம் இருக்காது. ஆனால் அங்கே அது நிலைக்காது. இம்மி நகர்ந்தாலும் மோட்டார் அதை மேலும் விலக்கி, சுற்றிக் கொண்டுவந்து சரியான இடத்தில் சேர்த்துவிடும். மோட்டாரின் கட்டுப்பாட்டுச் சுருளின் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டால் கதை தலைகீழ்: சரியான இடம் நிலையற்றதாகி, எதிர்ப்பக்கம் நிலையானதாகிவிடும். மோட்டார் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டே இருக்காது. அரைவட்டம் தள்ளிப் போய் அமைதியாக நின்று, அங்கிருந்தே ஒழுங்காகப் பின்தொடரும். வெளிப்பார்வைக்குக் கருவியில் ஒரு குறையும் தெரியாது.

இனி நடந்ததைச் சொல்லலாம். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கு அருகே கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அந்த நாளில் இந்த ஆலையின் கம்பம் தாங்கிநின்றது. திசைத்தகடும் சிங்க்ரோவும் பிழைத்தன. ஆனால் கம்பத்தின் அடியில் இருந்த ஜங்ஷன் பாக்ஸ் உடைந்து, கேபிள் உப்புநீரில் ஊறிவிட்டது. ஊரெங்கும் மின்சாரம் இல்லாத அந்த நாட்களில், ஆலையை மீண்டும் ஓட்டவேண்டிய நெருக்கடியில், புதிய பாக்ஸும் புதிய கேபிளும் போட்டார்கள். பழைய கம்பிகளின் நுனியில் எண் பொறித்த உறைகள் இருந்தன. அவை வெட்டிய துண்டோடு போய்விட்டன. புதிய கேபிளில் நிறம்தான் அடையாளம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று பேஸ் பழக்கத்தில் ஒருவர் ஒருமுனையை இணைக்க, மறுமுனையை இன்னொருவர் வேறு வரிசையில் இணைத்தார். எஸ்1-ம் எஸ்3-ம் இடம் மாறின.

மூன்று பேஸ் மோட்டாரில் எந்த இரண்டு கம்பியை மாற்றினாலும் விளைவு ஒன்றே: திசை மாறும். சிங்க்ரோவில் அப்படி இல்லை. மூன்று ஸ்டேட்டார் கம்பிகளை ஆறு விதமாக இணைக்கலாம். ஒன்று சரி. இரண்டில் மூன்றும் வட்டமாக நகர்ந்திருக்கும். அப்போது சுழலும் திசை சரியாக இருக்கும், ஆனால் அளவு 120 அல்லது 240 டிகிரி தள்ளிக் காட்டும். மீதி மூன்றில் ஏதோ ஒரு ஜோடி இடம் மாறியிருக்கும். அப்போது சுழற்சியே தலைகீழ். அந்த மூன்றிலும் எஸ்2 தொடர்புடைய இரண்டில் வடக்கும் சேர்ந்து இடம்பெயர்வதால் அன்றைக்கே யார் கண்ணிலாவது பட்டுவிடும். எஸ்1-எஸ்3 மாற்றம் மட்டும் பொல்லாதது. வடக்கு வடக்காகவே இருக்கும், தெற்கு தெற்காகவே இருக்கும். கிழக்கும் மேற்கும் மட்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் மாறிவிடும். வடக்கைப் பூஜ்ஜியமாக வைத்து வலமாக எண்ணும் உண்மைக் கோணத்தை 360இலிருந்து கழித்தால் வருவதைக் கருவி காட்டும்.

அந்தத் தவறு ஜனவரியில் நேர்ந்ததே அதை மறைத்துவிட்டது. தை மாதத்தில் இந்தக் கரையில் வாடைக்காற்று. விடியலில் நிலத்தின் பக்கமிருந்து வடமேற்காகச் சாய்ந்தும், பிற்பகலில் கடலின் பக்கமிருந்து வடகிழக்காகச் சாய்ந்தும், மொத்தத்தில் வடக்கைச் சுற்றியே ஆடும். இந்த ஆலையின் பதிவுத் தாளில் நடுக்கோடு வடக்கு. பேனா நடுக்கோட்டின் இருபுறமும் கிறுக்கிக்கொண்டிருந்தது. இடவலமாகத் திருப்பிப் போட்டாலும் அந்தக் கிறுக்கல் கிறுக்கல்போலவே தெரியும். காலையில் எந்தப் பக்கம், மாலையில் எந்தப் பக்கம் என்று நேரத்தோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். புயலுக்குப் பிந்தைய அந்த வாரங்களில் அதற்கு யாருக்கு நேரம் இருந்தது?

மார்ச் கடைசியில் வெயில் ஏறி, பிற்பகல் கடற்காற்று வலுத்தது. தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளி, கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவர், கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து சொன்னார்: "சார், வெளியில் கொண்டல் அடிக்கிறது. இங்கே முள் மேற்கைக் காட்டுகிறதே." கொண்டல் என்றால் கிழக்குக் காற்று. காற்றுப்பையைப் போய்ப் பார்த்தார்கள். அவர் சொன்னதுதான் சரி. அவரை அலட்சியம் செய்யாமல் உடனே வெளியே போய்ப் பார்த்த அந்த ஷிப்ட் பொறுப்பாளருக்கும் இதில் பங்கு உண்டு.

பராமரிப்புப் பிரிவு பதிவுக் கருவியைத் திறந்தது. கிழக்குக்குப் பதில் மேற்கு என்றால் மோட்டார் தவறான பக்கம் போகிறது என்று பொருள்கொண்டு, சர்வோ மோட்டாரின் கட்டுப்பாட்டுச் சுருள் கம்பிகளை மாற்றினார்கள். பேனா அரைவட்டம் ஓடிக் கிழக்கில் வந்து நின்றது. புகார் தீர்ந்தது என்று மூடிவிட்டார்கள். பத்து மீட்டர் கம்பத்தில் ஏறித் தகட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. உண்மையில் நடந்தது இதுதான்: ஏற்கெனவே இடவலம் மாறிய அளவின் மேல் இப்போது 180 டிகிரி திருப்பமும் ஏறியது. கிழக்கும் மேற்கும் சரியாயின. வடக்கும் தெற்கும் இடம் மாறின. காற்று 100 டிகிரியிலிருந்து வந்தால் பேனா 80 என்று காட்டும். காற்றின் இயல்பான ஆட்டத்தில் இருபது டிகிரி யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் 150 டிகிரியிலிருந்து வரும் தென்கிழக்குக் காற்றை அது 30 டிகிரி, அதாவது வடகிழக்கு என்று காட்டும். டயல் முள்ளோ பழைய தவறிலேயே நின்றது. இப்படித்தான் ஒன்று மேற்கும் மற்றொன்று கிழக்குமாக, அரைவட்டப் பகையோடு இரண்டும் நின்றன.

இதன் ஆபத்தை ஒரு கணக்காகச் சொல்கிறேன். தென்கிழக்குக் காற்றில் கசிவு ஏற்பட்டால் வாயு வடமேற்கே போகும். டயல் முள் தென்மேற்கு என்று காட்டும். அதை நம்புகிறவர் வாயு வடகிழக்கே, ஆற்றுப் பக்கம் போகிறது என்று எண்ணி, ஆட்களை வடமேற்கு வாயில் வழியாக அனுப்புவார். காற்றுக்குக் குறுக்கே அனுப்புகிறோம் என்ற நம்பிக்கையோடு, வாயு போகும் பாதையிலேயே அனுப்பியிருப்பார். திட்டத்தின் ஒவ்வொரு வரியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் இது நடந்திருக்கும். அப்படி ஒரு கசிவு அந்த மாதங்களில் நேரவில்லை.

ஆய்வில் முதல் வேலையாகக் காற்று அடங்கிய விடியலில் ஒருவரைக் கம்பத்தில் ஏற்றி, திசைகாட்டி வைத்து, தகட்டை 60 டிகிரியில் கட்டச் சொன்னேன். இந்தக் கரையில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து ஓரிரு டிகிரிக்கு மேல் விலகுவதில்லை என்பதால் சாதாரணத் திசைகாட்டி போதும். 60 டிகிரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வடக்கில் கட்டினால் இடவலத் தவறு மறைந்துகொள்ளும். கிழக்கில் கட்டினால் பதிவுக் கருவியின் இரட்டைத் தவறு மறைந்துகொள்ளும். 60இல் எதுவும் ஒளிய முடியாது. தவிர, அந்தக் கோணத்தில் ஸ்டேட்டாரின் ஒரு ஜோடியில் மின்னழுத்தம் பூஜ்ஜியமாகிவிடும், மல்டிமீட்டரில் ஐயமின்றிப் படிக்கலாம்.

முள் 300 என்றது. பேனா 120 என்றது. இரண்டும் தவறு என்பது அந்த நிமிடமே உறுதியாயிற்று. கம்பத்தின் உச்சியில் சிங்க்ரோவின் டெர்மினலில் அளந்தபோது எஸ்1-எஸ்2 நடுவே ஏறத்தாழ பூஜ்ஜியம், மற்ற இரண்டு ஜோடிகளிலும் 78 வோல்ட்டை ஒட்டி. கட்டுப்பாட்டுப் பலகையில் அளந்தபோது எஸ்2-எஸ்3 நடுவே பூஜ்ஜியம். பூஜ்ஜியம் ஒரு ஜோடியிலிருந்து மற்றொரு ஜோடிக்கு வழியில் தாவியிருக்கிறது. எஸ்2 இரண்டிலும் பொது. ஆகவே மாறியவை எஸ்1-ம் எஸ்3-ம். சிங்க்ரோவிலோ ரிசீவரிலோ சர்வோவிலோ ஒரு பழுதும் இல்லை. அனுப்பியதை அவை பிசகாமல் பின்பற்றின.

திருத்தத்தில் வரிசை முக்கியம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு முதலில் ஜங்ஷன் பாக்ஸில் எஸ்1, எஸ்3 கம்பிகளை உரிய இடத்துக்கு மாற்றினோம். மீண்டும் கொடுத்ததும் முள் 60க்கு வந்தது. பேனா 240இல் நின்றது: இடவலத் தவறு போய், அரைவட்டத் தவறு மட்டும் தனியாகத் தெரிந்தது. பிறகு சர்வோ மோட்டாரின் கம்பிகளைப் பழையபடி மாற்றினோம். பேனாவும் 60க்கு வந்தது. தகட்டை வலமாக ஒரு முழுச் சுற்றுத் திருப்பச் சொல்லி, இரண்டும் வலமாகவே, நடுவில் எங்கும் தயங்காமல் வருகின்றனவா என்று பார்த்தோம். வந்தன. பேனா தன் இலக்கைத் தாண்டி லேசாக ஆடி நின்றது. தணிப்பைச் சற்றுக் கூட்டியதும் அதுவும் அடங்கியது.

டிரான்ஸ்மிட்டரின் பூஜ்ஜியமும் சரிபார்க்கப்பட்டது. தகட்டை வடக்கில் கட்டினால் எஸ்1-எஸ்3 நடுவே பூஜ்ஜியம் வரவேண்டும். ஆனால் 180 டிகிரியிலும் அதே பூஜ்ஜியம் வரும் என்பதால் அந்த ஒரு அளவை நம்பக்கூடாது. ரிசீவர்களைக் கழற்றிவிட்டு ஆர்2-ஐயும் எஸ்3-ஐயும் தற்காலிகமாக இணைத்து, ஆர்1-க்கும் எஸ்2-க்கும் நடுவே அளக்கவேண்டும். உண்மையான பூஜ்ஜியம் என்றால் 115இல் 78 கழிந்து 37 வோல்ட்; எதிர்ப்பக்கம் என்றால் இரண்டும் கூடி 193 வோல்ட். மீட்டரை உயர்ந்த அளவில் வைத்துக்கொண்டுதான் தொடவேண்டும். இங்கே 37 வந்தது.

ஆலை நிர்வாகம் மொத்த அமைப்பையும் கழற்றிவிட்டு ஒலி அலையால் அளக்கும் புதிய கருவி வாங்கலாமா என்று கேட்டது. வாங்கலாம், அதில் தேயும் பாகம் இல்லை. ஆனால் அதன் வடக்குக் குறியைக் கம்பத்தில் தவறாகத் திருப்பிப் பொருத்தினாலும் இதே நிலைதான். உப்புக்காற்றில் பல ஆண்டுகள் நின்று, தானேயின் அடியையும் வாங்கிவிட்டு, பிசகாத சிங்க்ரோவைத் தூக்கி எறியக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை என்றேன். வைத்துக்கொண்டார்கள். கம்பிகளில் மீண்டும் எண் உறைகள் மாட்டப்பட்டன. கேபிளைத் தொடும் எந்த வேலைக்குப் பிறகும் தகட்டை 60, 150, 285 டிகிரிகளில் கட்டிப் பார்த்து, ஒரு சுற்று வலமாகத் திருப்பி, அதன் பிறகே கையெழுத்திடவேண்டும் என்று பராமரிப்புப் படிவத்தில் சேர்க்கப்பட்டது. ஆண்டுக்கொரு முறை இதைச் செய்வதற்கு மழைக்காலத்துக்கு முந்தைய செப்டம்பர் குறிக்கப்பட்டது.

மிஞ்சியது ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான பதிவுத் தாள்கள். அவற்றை எரித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. தேவையில்லை, தகவல் தொலையவில்லை, உருமாறித்தான் இருந்தது. மோட்டார் கம்பிகளை மாற்றிய நாளை யாரும் குறித்துவைக்கவில்லை. ஆனால் தாளிலேயே அது பதிந்திருந்தது: ஒரு பிற்பகலில் பேனா தாளின் பாதி அகலத்தை ஒரே கோடாகத் தாண்டிக் குதித்திருந்தது. அந்தக் கோட்டுக்கு முந்தைய அளவுகளை 360இலிருந்தும், பிந்தையவற்றை 180இலிருந்தும் கழித்தால் உண்மைத் திசை கிடைத்துவிடும். விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் 360 கூட்டிக்கொள்ளவேண்டும். சுற்றுச்சூழல் பிரிவின் இளைஞர் ஒருவர் ஒவ்வொரு உருளையின் ஓரத்திலும் எந்தக் கழித்தல் என்று சிவப்பு மையில் எழுதி, அலமாரியில் அடுக்கினார்.